பைலட்டை இறக்கிவிட்டது யார் என்பது பற்றி நேனு ஸெராஃபா சொன்னது

யாரா நதிக்கு மேலே கட்டிக்கொண்டிருந்த பெரிய பாலம் இடிந்து முப்பத்தைந்து வேலைக்காரர்கள் செத்தார்களே, அந்த வருடம். கடலுக்கடியில் எடுத்த கேஸ் எங்கள் தெருவுக்கு வந்ததும் அதே வருடந்தான். தேதி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் பெயர் நேனு ஸெராஃபா, வயது எழுபத்தொன்பது, பிறந்த ஊர் மால்டா, இருப்பது மெல்பர்ன் சன்ஷைன் பகுதியில், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், எழுதப் படிக்கத் தெரியாது.

அப்போது நான் என் அக்கா விதோரியா வீட்டில் இருந்தேன். அக்கா, அவள் புருஷன் சால்வு, ஒன்பது வயது மகள் டோரிஸ், நான் என்று நாலு பேர். குளியலறையில் பழைய கீசர் இருந்தது. அதைப் புதுக் கேஸுக்கு மாற்றிக் கொடுத்த ஆள், உள்ளே எப்போதும் எரிகிற சின்னச் சுடரைக் காட்டி, இதுதான் பைலட், இதைத் தொடாதீர்கள் என்று சொல்லிப் போனார்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், அடுப்பும் கீசரும் சும்மா இருக்கும்போதே மீட்டர் முள் நகர்வதைப் பார்த்து சால்வு எங்களைக் கூப்பிட்டார். முள் எறும்பு மாதிரி ஊர்ந்தது.

"திங்குறது அந்தப் பைலட்டுதான். நாம குளிக்காத நேரமும் திங்குறான்," என்றார்.

எங்கள் ஊர்த் துறைமுகத்தில் பைலட் என்றால் கப்பலைக் கரை சேர்த்துவிட்டு இறங்கிப் போகிற ஆள். அதை வைத்து நான் சொன்னேன்: "கப்பலக் கரையில கட்டியாச்சு மச்சான். இன்னும் என்னத்துக்கு அவன் மேல ஒக்காந்து விருந்து சாப்பிடுறான்? எறக்கி விடுங்க."

அக்கா சிரித்தாள். "பாத்தியாடி டோரிஸ், மூட்ட தூக்குனவன் தொறமுகத்துக்கே அதிகாரி ஆயிட்டான்."

சால்வு மட்டும், "வேணாம் நேனு. தொடாதேன்னான், தொடாத," என்றார்.

மறுநாள் பூசைக்குப் போய்வந்து முயல் கறி சாப்பிட்டோம். சால்வு குளித்துவிட்டு வந்தார். அதன் பிறகு நான் உள்ளே போய்ப் பைலட்டின் குமிழைத் திருகி அணைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முள் நின்றதைக் காட்டி மச்சானை வாயடைக்க நினைத்தேன். அதன் பிறகு வெளியே போய் மீட்டர் முன்னால் நின்றேன். முள் நின்றிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு முள் ஓடத் தொடங்கியது. ஊரவில்லை, ஓடியது. அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அக்கா குளிக்கப் போனது எனக்குத் தெரியாது. குழாயைத் திறந்தால் பைலட் இல்லாவிட்டாலும் கீசருக்குள் கேஸ் வரும் என்பதும் தெரியாது. தண்ணீர் சுடவில்லை என்று அவள் தீப்பெட்டி எடுக்கப் போயிருக்கிறாள். நான் கையைக் கட்டிக்கொண்டு மூன்று சுற்று எண்ணினேன். குளியலறை வெடித்து, ஜன்னல் கண்ணாடி என் காலடியில் வந்து விழுந்தது. அக்கா நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்தாள்.

போலீஸ்காரர் வந்தபோது எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் டோரிஸ் மட்டும். அவளை நடுவில் நிறுத்திக் கேட்டார்.

"அப்பா, பைலட்ட அணச்சது யாருன்னு கேக்குறாரு."

நான் மீட்டர் பக்கத்தில் நின்றதை சால்வு பார்த்திருந்தார். இப்போதும் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான்னு சொல்லும்மா," என்றார்.

அவள் சொன்னாள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு சால்வு இருபது வருடம் இருந்தார். என்னிடம் ஒருமுறையும் கேட்கவில்லை. கடைசிவரை பச்சைத் தண்ணீரில்தான் சவரம் செய்தார். டோரிஸ் பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போனாள். அப்பாவை அடக்கம் செய்த அன்றும் வரவில்லை. கிறிஸ்மஸுக்கு எனக்கு மட்டும் கேக் கொண்டுவருவாள். அந்தக் கீசர் அந்தக் காலத்திலேயே பழுது, பழி ஏன் அப்பா மேல் மட்டும் என்று இப்போது மனுப் போட்டு இந்த விசாரணையைத் திறக்க வைத்தவளும் அவள்தான்.

இதை அதிகாரி எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். நான் சொன்னதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, எல்லாம் நடந்தது. கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி போட்டிருக்கிறேன். இதில் பெயர் வந்தவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பவள், காலையில் என்னைக் காரில் கூட்டிவந்து, வெளியே பெஞ்சில் என் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற டோரிஸ்.