சமையலறையில் ஒரு குறுக்கு விசாரணை

— சாட்சி சிரிக்கக் கூடாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும்.

— கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு வக்கீல்னு நின்னா சிரிப்பு வராம...

— நாளைக்குக் கம்பெனி வக்கீல் கரண்டியோட வரமாட்டார். கறுப்புக் கோட்டோட வருவார். சொல்லுங்கம்மா, அந்த நான்ஸ்டிக் சட்டி கம்பெனியில என்ன வேலை பார்த்தீங்க?

— கட்டின பொண்டாட்டியை அம்மாங்காதீங்க. கூசுது.

— கோர்ட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க. சொல்லு.

— பூச்சு அடிக்கிற பிரிவு. சட்டி வரிசையா வந்துக்கிட்டே இருக்கும். கையில துப்பாக்கி மாதிரி ஒண்ணு. உள்பக்கம் அடிச்சு அடிச்சுத் தள்ளிவிடணும்.

— நல்ல பதில். இப்ப உடம்புக்கு என்ன?

— உங்களுக்குத் தெரியாதா?

— எனக்குத் தெரியும். வக்கீலுக்குத் தெரியாது.

— ஒரு கிட்னியை எடுத்தாச்சு. ரத்தத்துல அந்தப் பூச்சு மருந்து நிறைய இருக்குன்னாங்க.

— அதாலதான் வந்துச்சுன்னு டாக்டர் அடிச்சுச் சொன்னாரா?

— இல்லை. 'இருக்கலாம், இல்லைன்னும் சொல்ல முடியாது'ன்னார். ஆனா எங்க வரிசையில நின்ன பொம்பளைங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு வியாதி இருக்கே. அதனாலதானே எல்லாரும் சேர்ந்து கேஸ் போட்டோம்... ஏங்க, வெங்காயம் கருகுது!

— இந்த இரும்புச் சட்டி சரியில்லைடி. ஒட்டுது.

— ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தீயைக் குறைங்க.

— குறைச்சாச்சு. பேச்சை மாத்தாதே. கம்பெனி உங்களுக்கு மாஸ்க் கொடுத்துச்சா, இல்லையா?

— ...கொடுத்துச்சு.

— போட்டீங்களா?

— போட்டேன்.

— எப்பவுமேவா?

— ...உப்பு போட்டீங்களா?

— சாட்சி உப்பைப் பத்திக் கேட்கக் கூடாது. போன வாய்தாவுல சூப்பர்வைசர் கூண்டுல ஏறி என்ன சொன்னார்? 'அந்தம்மா மட்டும் மாஸ்க்கைக் கழட்டுவாங்க, மாட்டுவாங்க, என் கண்ணால பார்த்தேன்'னார். மத்தவங்க யாரும் கழட்டலை. நீங்க ஏன் கழட்டினீங்க?

— வேர்வை.

— தலைக்கு மேல ஃபேன் ஓடுச்சே.

— நாடா காதை அறுத்துச்சு.

— மத்தவங்களுக்குக் காதே இல்லையா?

— மூச்சு முட்டுச்சுங்க.

— ஒரே கேள்விக்கு மூணு காரணம் சொன்னா பொய்னு ஜட்ஜுக்குத் தெரிஞ்சிடும். நீ தடுமாறினா உன்னோட போகாது. எல்லாப் பொம்பளைங்க கேஸும் படுத்துடும். ஏன் கழட்டினே?

— இவ்வளவு கேட்குறீங்களே... ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துக் கேளுங்களேன்.

— சட்டியைப் பார்க்க வேண்டாமா?

— போன வாய்தாவுல இருந்து சட்டியைத்தான் பார்க்குறீங்க. சமைக்கிறீங்க, மாத்திரை எடுத்துக் கொடுக்குறீங்க, தலைகூட வாரிவிடுறீங்க. நிமிர்ந்து மட்டும் பார்க்கிறதில்லை. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, எனக்கு உங்க மேல ஏக்கமா இருக்கு. சிரிக்காதீங்க.

— சிரிக்கலை.

— திரும்பித்தான் பாருங்களேன்.

— ...கேள்விக்கு வா.

— சரி. ஒருத்தருக்காகக் கழட்டினேன். போதுமா?

— யாரு?

— கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கிங் பிரிவு இருந்துச்சுல்ல? அங்க ஒருத்தர். நல்ல உயரம். அவர் அட்டைப்பெட்டியோட அந்தப் பக்கம் வர்றப்பல்லாம் கழட்டுவேன். என் முகம் அவர் கண்ணுல படணும்னு. எல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி.

— அப்புறம்?

— அப்புறம் என்ன? வேற வேலைக்குப் போயிட்டார். பேருகூடத் தெரியாது. திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க.

— எவ்வளவு உயரம்?

— இந்தக் கதவு அளவுக்கு.

— அடியே, அந்தப் பேக்கிங்ல குப்பை கொட்டினது யாரு? நான்தானே?

— ...ஆமா.

— மேல் தட்டுல இருக்கிற பெட்டியை எடுக்கணும்னா எங்க ஆள் அத்தனை பேரும் ஸ்டூல் போட்டுத்தான் ஏறுவோம். 'குட்டை கோஷ்டி'ன்னு கேண்டீன்ல எங்களுக்குப் பேரே உண்டு. இதுல கதவு அளவுக்கு எவன் இருந்தான்?

— இருந்தார். நீங்க... லீவுல இருந்தப்ப.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்கிறியே!

— வெங்காயம்...

— அடுப்பை அணைச்சாச்சு. அழாதே. தையல் போட்ட இடம் வலிக்கும்.

— நீங்கதான். வேற யாரு இருக்கா எனக்கு? எங்க எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே மாஸ்க். எது நான்னு தெரியாம, மூக்கு சப்பையாகக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு ஒவ்வொருத்தியா முழிச்சு முழிச்சுத் தேடுவீங்க. பாவமா இருக்கும். கழட்டுவேன். கண்டுபிடிச்சதும் உங்க முகம் மலரும் பாருங்க... அதுக்காக எத்தனை தடவை வேணும்னாலும் கழட்டலாம் போல இருக்கும். கல்யாணம் ஆன பிறகும் விடலையே. வீட்டுல பார்க்கிற மூஞ்சிதான். இருந்தாலும்...

— இதை ஏன்டி மறைச்சே?

— சொன்னா உங்களையே நீங்க தின்னுடுவீங்க. இல்லாத ஒருத்தன் மேல வர்ற கோபம் ரெண்டு நாள்ல ஆறிடும். உங்க மேலயே உங்களுக்கு வந்தா அது எப்ப ஆறும்? இதுல உங்க தப்பு என்ன இருக்கு? மாஸ்க் எதுக்குன்னு கேட்டதுக்கு, 'நாத்தம் அடிக்காம இருக்க'ன்னாங்க. நாத்தம் பழகிப்போச்சு. உள்ளே போனா உடம்புக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நீங்க கண்ணாடியை உடைச்சுக்கிட்டு வந்து நின்னாலும் கழட்டியிருப்பேனா? நாளைக்கு இதைத்தான் சொல்லப்போறேன். என் வீட்டுக்காரர் பார்க்கட்டும்னு கழட்டினேன், ஆகாதுன்னு எவரும் சொல்லலைன்னு. ஜட்ஜ் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறார்.

— சொல்லு. அதான் சரியான பதில்.

— அப்பாடா... இத்தனை நாள் விஷயம் தெரியாம முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க. இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. இன்னும் எதுக்குத் தரையைப் பார்க்குறீங்க?

— தெரியாம இல்லைடி... சூப்பர்வைசர் சொன்ன அன்னைக்கே, நீ யாருக்காகக் கழட்டினேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வேற எவனாவது இருந்துடக் கூடாதான்னுதான் இத்தனை கேள்வி கேட்டேன். நீ ஒருத்தன் இருந்தான்னதும் எப்படி நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? நம்பிடலாம்னுதான் பார்த்தேன்... கொஞ்சம் உயரத்தைக் குறைச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?