இருபத்தொன்பதாம் எண்

மதியம் ஒன்றரை மணிக்கு மெத்தை விரிக்க வேண்டும். எங்கள் கால்பந்து அணியின் ககோஷிமா முகாமில் காலைப் பயிற்சிக்கும் மாலைப் பயிற்சிக்கும் நடுவே எல்லோரும் சற்றுத் தூங்குவோம். அணியில் வயதில் சிறியவர்கள் மற்றவர்களுக்கு விரித்துப் போடுவது வழக்கம். இந்த வருடம் சிறியவர்கள் நருமியும் நானும்.

நருமி ஒரு நாளும் விரித்ததில்லை. விடுதி வாசலில் அவனுக்காகப் பெண்கள் நிற்பார்கள், அவன் முகம் அச்சடித்த விசிறிகளோடு. பெரிய நட்சத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள், ஐயா. எங்களுடையது மூன்றாம் பிரிவு அணி. எங்கள் ஊர் மீன்கடைக்காரர் அவனுக்கு ஒரு துண்டு சேர்த்துப் போடுவார். ரயிலில் இரண்டு நிலையம் தாண்டினால் அவனை ஒருவருக்கும் தெரியாது. அவன் அடித்தது இரண்டு கோல். அதில் ஒன்று, பந்து அவன் முழங்காலில் பட்டு உள்ளே போனது. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அவ்வளவுதான் அவன் ஆட்டம்.

நான் கோல்கீப்பர். எனக்குப் புகழில் அக்கறை இல்லை.

அன்றும் கேப்டன் தொதொரோக்கி சொன்னார்: “டேய் குராமோச்சி, நருமிக்கும் சேத்து விரிச்சுடு. அவன் வாசல்ல தரிசனம் குடுத்துட்டு இருக்கான்.”

“சரிண்ணே.”

“மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. உன்னைத் தேடி ஒருத்தி வரட்டும், நானே உனக்கு விரிக்கிறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நூடுல்ஸ் செய்கிற சோபா தானியத்தின் உமியைத்தான் அந்த விடுதியில் தலையணைக்குள் அடைத்திருந்தார்கள். நருமிக்கு அது ஆகாது. அதன் தூசி பட்டாலே மூச்சு அடைத்துக்கொள்ளும். அவனுக்கென்று ஒரு பஞ்சுத் தலையணைக்கு நீல உறை போட்டுத் தனியே வைத்திருந்தார்கள். அந்த உறையைக் கழற்றி உமித் தலையணைக்குப் போட்டேன். தன் மெத்தையைத் தானே விரிக்கிறவனாக இருந்தால், தூக்கியதுமே எடையில் தெரிந்திருக்கும்.

அவனுடைய ஊசி மருந்து இருந்த பையைக் கொண்டுபோய்ப் பேருந்தில் வைத்தேன். அறை நெரிசலாக இருந்தது. எனக்கு ஒழுங்கு பிடிக்கும்.

எல்லோரும் தூங்கிய பிறகு அவன் என் தோளைத் தொட்டான்.

“பை... என் பை எங்கடா?”

மூத்தவர்கள் தூங்கும்போது சிறியவர்கள் பேசக் கூடாது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அவன் இறந்த செய்தி மாலையில் மருத்துவமனையிலிருந்து வந்தது. வெளியே இன்னும் யாரும் சொல்லவில்லை. நான் வாசலுக்குப் போனேன். அவன் குணமாகி வர வேண்டுமென்று பெண்கள் தரையில் உட்கார்ந்து காகிதக் கொக்கு மடித்துக்கொண்டிருந்தார்கள். இனிமேலாவது இவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். என் நோக்கம் அது மட்டும்தான்.

குளிராக இருந்ததால் மேலங்கியின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தேன். மார்பில் என் எண், இருபத்தொன்பது, மடங்காமல் தெரிந்தது. ஒரு சிறுமி கொக்கை மடியில் வைத்துவிட்டு அதையே பார்த்தாள்.

“அண்ணா, நீங்க போட்டிருக்கிறது யாரோட நம்பர்?”