நியாலாஸ் சாலையில் நாற்பத்தைந்து நிமிடம்

விபத்து நடந்ததும் பலர் செய்கிற முதல் தவறு, பதறுவது. காப்புறுதி நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்ஸ்பெக்டர். ஆகவே நியாலாஸ் செம்பனைத் தோட்டச் சாலையில் என் கார் அந்த மோட்டார் சைக்கிளை இடித்தபோது நான் பதறவில்லை.

பிற்பகல் மூன்று ஐந்து. அபாய விளக்கைப் போட்டேன். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் வைத்தேன். நான்கு பக்கமும் படம் எடுத்தேன். பிறகு புல்லில் கிடந்தவரிடம் பெயர் கேட்டேன். காளிமுத்து, தோட்டத்தில் குலை வெட்டுபவர். ரத்தம் அதிகமில்லை; வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என் மேலதான் தப்புண்ணே, பாக்காம வந்துட்டேன்லா. அம்புலன்ஸ் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டாச்சு. வந்துக்கிட்டு இருக்கு."

"வழி தெரியாம சுத்துவானுங்க. போன வருசம் எங்க லயத்து வீட்டுல புள்ள பொறந்து, பேரும் வச்ச பெறகுதான் வந்தானுங்க."

சிரித்தார், வலியில் முகம் சுளித்தார். குடையை விரித்து அவருக்குப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் அகல்யா குருபோங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போவதைச் சொன்னார். அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்பில் எப்போதும் உப்பு கூடுதலாம், சொன்னால் கோபித்துக்கொள்வாளாம். திடீரென்று என்னைப் பார்த்தார்.

"நீங்க சாப்டீங்களாண்ணே? மொகமே வாடிக் கெடக்கு."

என் மனைவி கனகாம்பிகை இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. புக்கிட் ரம்பாய் வீட்டில் நான் ஒருவன். சாப்பாட்டைப் பொட்டலம் கட்டச் சொல்லி, கடையில் 'புங்குஸ்' என்பேன். சில நாள்களில் நான் பேசும் ஒரே வார்த்தை அதுதான்.

நடுவில் ஒரு லோரி நின்றது. உதவி வேண்டுமா என்று ஓட்டுநர் கேட்டார். எல்லாம் ஏற்பாடாகிவிட்டது என்று அனுப்பிவைத்தேன்.

காளிமுத்து அம்புலன்ஸைப் பற்றி இன்னும் இரண்டு முறை கேட்டார். பக்கத்தில் வந்துவிட்டது என்றேன். வந்தால் அவரைக் கொண்டுபோய்விடுவார்கள்.

போனில் சிக்னல் நன்றாகவே இருந்தது. நான் 999ஐ அழைத்தது மூன்று ஐம்பதுக்கு, அவர் பேச்சு நின்ற பிறகு. பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டார்கள். குறை சொல்ல முடியாது.

இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்ய வேண்டும். நான் இரண்டே மணி நேரத்தில் வந்திருக்கிறேன். அவர் மகளைப் பார்க்கும்போது ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அப்பாவை நான் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடவில்லை.