சேர்ந்து கும்பிடக் கூடாத அம்மன்

இல்லக்கா, நான் அவரோட போகக் கூடாது. வெளியூரா நீங்க? இந்த அம்மன் முன்னால புருஷன் பொண்டாட்டி ஒண்ணா நின்னா, அந்த வருஷமே பிரிஞ்சுடுவாங்களாம். அதான் மொதல்ல அவரு, அப்புறம் நான். சிம்லா மலையில சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும்.

அதோ, வரிசையில பச்சைத் தொப்பி. எங்க வீட்டுக்காரரு, கேம்சந்து. ஐயோ, பேரச் சொல்லிட்டேன். மாமியார் காதுல விழுந்தா மலையே சரிஞ்சுடும்.

அவரு குதிரையில வந்தாரு. முட்டி வலியாம். சீட்டாடப் போறப்ப வராது, மலை ஏறுறப்ப மட்டும் வரும், அப்படி ஒரு பக்தியான வலி. நான் புள்ளையையும் பூஜைப் பையையும் தூக்கிக்கிட்டு நடந்தேன். நடந்தாத்தான் புண்ணியமாம். எனக்கே விட்டுக் குடுத்துட்டாரு.

இவ பேரா? மூணு வயசாச்சு, இன்னும் வைக்கல. தம்பி பொறக்கட்டும், ஒரே விருந்தா முடிச்சுடலாம்னாரு. நான் நிம்மோன்னு கூப்பிடுவேன், அவரு ஏய்னு கூப்பிடுவாரு. இந்த வருஷமும் பையன் இல்லேன்னா வேற ஒருத்தியக் கட்டுவாராம். மாமியார் அதுக்குப் பொண்ணே பாத்தாச்சு. சுறுசுறுப்பு!

கன்னமா? பனிக்கு வெடிச்சது.

சரி, பனி இல்ல. உங்களுக்குத்தான் தெரியுதே. எங்கக்கா போறது? தண்ணி எடுக்கப் போனாக்கூட ஒருத்தர் பின்னால வர்றாங்க.

போன வருஷம் ஒண்ணு பண்ணேன், சிரிக்காதீங்க. முக்காட்ட இழுத்துவிட்டுக்கிட்டு, அவரு முதுகுக்குப் பின்னாலயே போய் அம்மன் முன்னால நின்னுட்டேன். ஒண்ணா. வேணும்னேதான். பன்னெண்டு மாசம் காத்திருந்தேன். ஒண்ணும் ஆகல, மனுஷன் ஒரு ராத்திரிகூட வெளியூர் தங்கல. அம்மனுக்கு எவ்வளவோ வேலை, என் மனு அடியில கெடக்குமாயிருக்கும்.

அந்தா, உள்ள போயிட்டாரு. வருஷத்துல இந்த ஒரு மணி நேரந்தான், கூட வராதேன்னு அவரே சொல்றது.

பையில என்னவா? மேல ஒரு தேங்கா, கீழ பூரா இவளோட ஸ்வெட்டரு. அடிவாரத்துல எங்கண்ணன் வண்டியோட நிக்கிறான். நிம்மோ, எந்திரி கண்ணு.

வெளிய வந்து கேட்டார்னா, நான் உள்ள போயிருக்கேன்னு சொல்லுங்கக்கா. என் முறைதானே. தேடிக்கிட்டு உள்ள வரமாட்டாரு. ஒண்ணா நின்னுட்டா பிரிஞ்சுடுவோமேன்னு பயம்.