கச்சான் சுருளுக்குள் நிலவு

கிளாலிக் கரையில் அக்கரைக்குப் போகும் படகுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். கடற்படையின் ரோந்துப் படகின் கண்ணில் படாமல் இருட்டோடு இருட்டாகக் கடக்க வேண்டும். அன்றோ முழுநிலவுப் பறுவம் கழிந்த மறுநாள். பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தில் அக்கரைப் பனைகளுக்குப் பின்னால் நிலவு எழுந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் புருசனின் கையை இறுகப் பிடித்தாள்.

“இஞ்சேருங்கோ, நிலவு இண்டைக்கு வேணுமெண்டே பெருத்து வந்திருக்கு. ரோந்துக்காரன் எங்களைக் கண்டிடுவான்.”

“நிலவு பெருக்கேல்லை. பனையளோடை சேத்துப் பாக்கிறதாலை உன்ரை கண்ணுக்கு அப்பிடித் தெரியுது. உச்சிக்குப் போனாலும் உதே அளவுதான்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ. அண்டாவளவு நிக்குது, எனக்குக் கண் இல்லையே?”

அவர் கச்சான் சுருளில் மிஞ்சியிருந்த கடலையை அவள் கையில் கொட்டினார். வெறும் கடதாசிச் சுருளின் அடியைக் கிழித்து நீட்டினார்.

“இதுக்குள்ளாலை பார். மரங்கள் தெரியக்கூடாது, நிலவு மட்டும் தெரியவேணும்.”

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

“ஓமப்பா! சின்னனாய்ப் போச்சு.”

“நான் சொன்னனே. இனிப் பயப்பிடாதை.”

வரிசை நகர்ந்தது. கண்ணிலிருந்து எடுக்காமலே அவள் சுருளை அவர் பக்கம் திருப்பினாள்.

“நிலவு சின்னன்தான். ஆனா அந்த வெளிச்சத்திலை உங்கடை முகம் வடிவாத் தெரியுது. நெத்தியிலை வேர்க்கிறதும் தெரியுது.”