எல்லாப் பூனையிலும் ஒரே பிழை

மேடையில் வீற்றிருக்கும் தந்தை நெக்தாரியோஸ் அவர்களே, ஊர்த்தலைவர் கிளியான்தீஸ் அவர்களே, கால்நடை மருத்துவர் சங்கத்து நண்பர்களே, தினமும் காலையில் பூனைகளுக்கு உணவு வைக்கும் கலோனெரோ ஊர்த் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

டாக்டர் தெக்லா பியெரிது மறைந்து இன்று நாற்பதாம் நாள். அவர் நினைவாகத் தந்த அவித்த கோதுமையைக் கையில் வாங்கிக்கொண்டு இந்த மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கிறோம். சுவரோரம்கூட ஆட்கள் நிற்கிறார்கள். இத்தனை பேர் அவருக்கு இருந்தோமா? இருந்தோம் என்றால், அவர் உயிரோடு இருந்தபோது எங்கே போயிருந்தோம்?

நான் பக்கத்து ஊர்க் கால்நடை மருத்துவன். தெக்லாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். என் மகள் மிரோஃபோராவுக்கு ஞானத்தாய் அவர். அந்த உறவில்தான் கடைசிவரை என்னைக் 'கும்பாரே' என்று கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட்டவரை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறேன். புகழ்ந்துவிட்டு இறங்கிப்போக எனக்கு உரிமையில்லை.

நம் பூனைகள் கூட்டமாகச் செத்த அந்த வருடம் ஜனவரியில், துறைமுகத்தில் வலை பின்னும் பந்தெலிஸ் தன் பூனையை அவரிடம் கொண்டுவந்தார். வயிறு வீங்கி, கண் மஞ்சளித்துப்போன பூனை. நான்காம் நாள் அது செத்தது. அதோடு ஒரே இடத்தில் சாப்பிடும் பூனைகள் அடுத்தடுத்து விழுந்தன. தெக்லா எனக்குப் போன் செய்தார்.

“கும்பாரே, ஒரே வாரத்துல பதினொண்ணு. இது நாம வழக்கமா பாக்குற வயித்து வீக்கம் இல்ல.”

பூனைக் கொரோனா எல்லா ஊரிலும் இருப்பதுதான், பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும் என்றேன். எங்கோ ஒரு பூனைக்குள் அது மாறிக் கொல்லும், அப்படி மாறியது அடுத்த பூனைக்குத் தொற்றாது என்றேன். நாம் இருவரும் படித்த பாடம்தானே என்றும் கேட்டேன். பாடம் எனக்கு மறக்கவில்லை. அவருக்கும் மறக்கவில்லை. ஆனால் அவர் எதிரே கிடந்த பூனைகளையும் பார்த்தார்.

“அப்போ மரபணுவைப் படிச்சுப் பாத்துருவோம். பரீட்சையில ரெண்டு பேர் தாள்ல ஒரே பிழை இருந்தா என்ன அர்த்தம்? ஒருத்தன் இன்னொருத்தனைப் பாத்து எழுதியிருக்கான். தனித்தனியா வந்த வியாதின்னா பிழையும் தனித்தனியா இருக்கணுமே.”

மார்ச் மாதம் இதே மண்டபத்தில் ஊர்க் கூட்டம் கூடியது. நான் இதே மேடையில்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லாப் பூனைக்கும் ஒரே இடத்தில் உணவு வைக்காதீர்கள், பிரித்து வையுங்கள், அவை மலம் கழிக்கும் மண்தொட்டிகளைத் தனித்தனியாக வையுங்கள், செத்த பூனையைப் புதைக்குமுன் என்னிடம் கொடுங்கள் என்று தெக்லா கேட்டார். கேட்டது இவ்வளவுதான். பூனைகளைக் கொல்லப் பார்க்கிறாள் என்று பின்வரிசையில் சத்தம் எழுந்தது. அவ்குஸ்தா அம்மா எழுந்து நின்றார். அவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். இதைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

“உன் கிளினிக்குக்கு ஆள் சேரலைன்னா ஊரைப் பயமுறுத்துவியா? பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு எங்க வீட்டுப் பூனையை அறுத்துப் பாக்கணுமாக்கும்!”

தெக்லா என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க, கும்பாரே.”

நான் மேசை மேலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, “இன்னும் உறுதியாகல” என்றேன். பொய்யில்லை, நண்பர்களே. ஆனால் அந்த இரண்டு சொல் ஒரு பெண்ணைத் தனியாக நிறுத்தப் போதுமானதாக இருந்தது.

அதன்பின் அவர் கிளினிக் வாசலில் யார் நின்றார்கள்? அவர் காபி குடிக்கப் போனால் பக்கத்து மேசையில் யார் உட்கார்ந்தார்கள்? ஒவ்வொரு விடியலிலும் சந்துகளில் தனியாக நடந்து, செத்த பூனைகளை எடுத்துவந்து மாதிரி எடுத்தார். ஒவ்வொரு குழாயிலும் பூனையின் பெயரை எழுதினார். பெயரில்லாத தெருப்பூனைக்கு ஒரு பெயர் வைத்து எழுதினார். பந்தெலிஸ் மட்டும் இரண்டு முறை ஐஸ் பெட்டி தூக்கிக் கொடுத்தார் என்று பிறகு அறிந்தேன்.

ஈஸ்டருக்கு வழக்கம்போல் ஃபிளவுனா ரொட்டி சுட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்களிடமும் மூன்று பூனைகள். அவர் உடுத்திய துணியில் கிருமி வந்துவிடுமோ என்ற பயத்தில், கேட்டிலேயே வைத்துவிடச் சொன்னாள் என் மனைவி. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தொற்றாது என்று போனில் பாடம் சொன்னவனும் நானே. தொற்றிவிடும் என்று கேட்டை மூடிவைத்தவனும் நானே! தெக்லா தட்டை மதில்மேல் வைத்தார். மிரோஃபோராவின் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார். பிறகு போய்விட்டார். அந்தக் கேட்டைத் தாண்டி அவர் மறுபடி வரவேயில்லை.

கோடையில் வெளிநாட்டு ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. அவர் அனுப்பிய பூனைகள் எல்லாவற்றிலும் ஒரே கிருமி. பூனைக் கொரோனாவின் நடுவே நாயின் கொரோனாவிலிருந்து ஒரு துண்டு வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அது பூனைக்குப் பூனை நேராகவே பரவியிருந்தது. அவர் எனக்குப் போன் செய்தார். குரலில் வெற்றி இல்லை.

“ஒரே பிழைதான், கும்பாரே. எல்லாத்துலயும்.”

நீ சொன்னதுதான் சரி என்றேன்.

“சரியா இருந்து என்ன? நீங்க அன்னைக்கு இதைச் சொல்லியிருந்தா பாதிப் பூனை பொழைச்சிருக்கும்.”

அவர் என்னைக் குறை சொன்னது அந்த ஒருமுறைதான்.

இந்த நோய்க்கு மாத்திரை வந்த பிறகு அவ்குஸ்தா அம்மா நோயில் விழுந்த தன் பூனையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனார். எண்பத்து நான்கு நாள் தெக்லா தன் கையாலேயே மாத்திரை கொடுத்தார். மார்ச் மாதப் பேச்சை இருவரும் எடுக்கவில்லையாம். “நாளைக்கும் இதே நேரம் வாங்க” என்பதுதான் தினமும் அவர் சொன்ன ஒரே வார்த்தையாம். அந்தப் பூனை இன்றும் உயிரோடிருக்கிறது.

அவரோ கிளினிக் நாற்காலியிலேயே மாரடைப்பில் போனார். இரண்டு நாள் கதவு திறக்கவில்லை. நமக்கு யாருக்காவது தெரிந்ததா? கடிதம் கொண்டுவந்த தபால்காரர்தான் கண்டார். நான் ஆறு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தேன்.

போன வாரம் சாவியை வாங்கிப்போய்க் கிளினிக்கைத் திறந்தேன். ஃப்ரீசரில் இன்னும் படிக்கப்படாத நாற்பத்தொரு குழாய்கள் இருந்தன. கிருமி மறுபடி மாறுகிறதா, நாய்களுக்குத் திரும்பிப் போகிறதா என்று அவர் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். யாரும் கேட்காமலே, யாரிடமும் சொல்லாமலே.

அந்தக் குழாய்களை நான் ஆய்வகத்துக்கு அனுப்புவேன். பதில் எதுவாக வந்தாலும் இதே மேடையில் நின்று, காகிதத்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு டாக்டர் தெக்லா பியெரிதுவின் கிளினிக்கைத் திறந்துவைப்பேன். நோயுள்ள பூனைகளைக் கொண்டுவாருங்கள். பூனை இல்லாதவர்களும் வரலாம். அங்கே நானும் தனியாகத்தான் இருப்பேன்.