சம்பந்தி பேருல ஒரு தளபதி

என்ன சார், எப்படி வெட்டணும்னு கேப்பேன், மழை வருமான்னு கேப்பேன்னுதானே சாஞ்சு உக்காந்தீங்க? அதெல்லாம் அடுத்த கடைல. இங்க இன்னிக்கு ஒரே விஷயந்தான்... எங்க சம்பந்தி பேரு!

ஆமா சார், என் பேரனுக்கு அந்தாளு பேரை வச்சுட்டாங்க. காலைல பொறப்புப் பதிவு ஆபீஸ்ல போய்ப் பதிஞ்சாச்சாம். எனக்கு ஒரு வார்த்தை? ஊஹூம். மாப்பிள்ளை போன் பண்ணி, தொண்டையக் கனைச்சுக்கிட்டு, "க்ஹும்... வெற்றி பெற்றவன்னு அர்த்தம் மாமா." வெற்றியாம் வெற்றி!

அசையாதீங்க, கத்தி காதுகிட்ட இருக்கு.

அந்தக் காலத்துல சண்டைல ஜெயிச்ச தளபதிக்குக் குடுத்த பட்டமாம் சார் அது. அப்புறம் ஆளாளுக்குத் தன் புள்ளைக்கு வச்சு, வச்சு... இப்ப தெருமுனைல நின்னு ஒருவாட்டி கூப்பிட்டுப் பாருங்க, பதினோரு பேரு எட்டிப் பாப்பான். ஒருத்தனுக்காவது ஜெயிச்ச மூஞ்சி? எங்க சம்பந்தியவே எடுத்துக்குங்க. ஜாம் பாட்டில் மூடியோட அரைமணி நேரம் மல்லுக்கட்டுனாரு. மூச்சு வாங்குது, மூஞ்சி செவக்குது, மூடி அசையல. சம்பந்தியம்மா வாங்கி, ஒரே திருகு... டப்! உடனே இவரு, "நான் கொஞ்சம் தளத்திக் குடுத்தேன்ல?" தளபதி சார், தளபதி!

சிரிங்க, சிரிங்க. எனக்கில்ல வயிறு எரியுது! ஒரே பொண்ணு சார். அவ அம்மா போனப்புறம் ஸ்கூலுக்கு நான்தான் சடை பின்னி விடுவேன். ஊருக்கெல்லாம் முடி வெட்டுற கை, சடைன்னா மட்டும் கோணிக்கும். அதையும் "சூப்பர்ப்பா"ன்னு போட்டுக்கிட்டுப் போவா. அவளுக்குப் போயி அப்பன் பேரு ஞாபகம் வரலையே சார்? கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லப்போறேன்? என் பேருக்கென்ன கொறச்சல்...

யோவ், மூலை நாற்காலி! நீ என்னய்யா அங்கேருந்து முறைக்கிற? நீ சோப்பு போட்டு விட்ட ஆளு மூஞ்சி காயுது பாரு.

"பின்ன என்ன மாஸ்டர்? போன ஞாயித்துக்கிழமை உங்க பொண்ணு புள்ளயத் தூக்கிட்டு இதே கடைக்கு வந்து, 'அப்பா, உங்க பேரையே வைக்கட்டுமா'ன்னு கேட்டுச்சுல்ல? கூட்டத்தப் பாத்ததும் நீங்க அது குரல்லயே பேசிக் காட்டி, உங்க பேருக்கு அர்த்தம் சொல்றேன்னு ஆரம்பிச்சு... கடையே விழுந்து விழுந்து சிரிச்சுது. அது மட்டும் சிரிக்கல மாஸ்டர்."